குப்பை இறங்குவதற்கு முன்

கையெழுத்து கேட்டு குப்பைக் கம்பெனி மேலாளர் பியோ மூன்றாவது தடவையாக வந்தபோது, மல்சுன் வீட்டுக்குப் பின்னாலிருந்த சரிவில் உருளைக்கிழங்குச் செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். அவன் காலில் நகரத்துத் தோல் காலணி. சேற்றில் இறங்க மனமில்லாமல் வரப்பிலேயே நின்றான். போன தடவை ஒரு பெட்டி ஆரஞ்சுச் சாறு கொண்டுவந்தான். இந்தத் தடவை வெறும் காகிதம்தான்.

"அம்மா, மத்த ரெண்டு குடும்பமும் போட்டுட்டாங்க. ஒருத்தர் மகன் தபால்லயே அனுப்பிட்டாரு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"இருக்கட்டும்."

"என்னம்மா இருக்கட்டும்? ஊரே உங்க ஒரு கையெழுத்துக்காகக் காத்துக்கிட்டிருக்கு."

"என் புருஷன் பதினேழு வருஷமா அந்த மலைக்குள்ள காத்துக்கிட்டிருக்கான். ஊரு கொஞ்ச நாள் காத்திருந்தா ஒண்ணும் ஆயிடாது."

பியோ காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். கெட்டவன் இல்லை. கேட்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள், கேட்டான்.

கம்னே நிலக்கரிச் சுரங்கம் மூடி நான்கு வருஷமாகிறது. மூடியபோது இளவட்டங்கள் எல்லாம் வேலை தேடி மலையை விட்டு இறங்கிவிட்டார்கள். மிஞ்சியது வயசானவர்களும், நெஞ்சுக்குள் கரித்தூசி இறுகிப்போன ஆண்களும், அவர்களுக்குக் கஞ்சி வைக்கும் பெண்களும்தான். சிகிச்சைக்கு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து போகுமளவுக்கு மூச்சு இருந்தால் போகலாம்.

அந்த நேரத்தில்தான் கடலோர நகரத்தில் குப்பை கொட்ட இடமில்லாமல் போனது. எந்த ஊரும் ஏற்கவில்லை. கடைசியில் யாருக்கோ கம்னே ஞாபகம் வந்தது. மலைக்குள் மைல் கணக்கில் வெறும் பொந்து. வீட்டுக் குப்பையை லாரியில் கொண்டுவந்து, பொறுக்க வேண்டியதைப் பொறுக்கிவிட்டு உள்ளே தள்ளி அடைத்தால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை. பதிலுக்கு ஊரில் ஒரு மருத்துவமனை; நிரந்தரமாக ஒரு டாக்டர்; மூச்சு விட முடியாதவர்களுக்கு வீட்டுக்கு வீடு ஆக்சிஜன். ஊர்க்கூட்டத்தில் இதைக் கேட்டு இருமிக்கொண்டே கைதட்டினார்கள்.

ஒரே ஒரு தடை. மூன்றாம் கிளைச் சுரங்கத்தில் தீப்பிடித்தபோது உள்ளே மாட்டிக்கொண்ட மூன்று பேரை யாரும் வெளியே எடுக்கவில்லை. தீ பரவாமலிருக்க அந்தக் கிளையின் வாயைச் சுவர் வைத்து அடைத்தார்கள். அடைத்தது அடைத்ததுதான். உடல் எடுக்காத சுரங்கத்தை வேறு காரியத்துக்கு விட, செத்தவர்கள் வீட்டாரின் சம்மதம் வேண்டும் என்று மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த மூவரில் ஒருவன் மோக் தால்சு, மல்சுனின் கணவன். அப்போது அவனுக்கு முப்பத்தெட்டு வயசு, அவளுக்கு முப்பத்தைந்து. பிள்ளையில்லை. சாவுக்குப் பிறகு கம்பெனி அவளுக்குக் கரி பொறுக்கும் கொட்டகையில் வேலை கொடுத்தது. பெல்ட்டில் ஓடிவரும் கரியிலிருந்து கல்லைப் பொறுக்கிப் போடும் வேலை. புருஷனைப் பறிகொடுத்த பெண்கள்தான் அங்கே அதிகம். பதின்மூன்று வருஷம் அந்த பெல்ட் முன்னால் நின்றாள்.

தால்சுவுக்குக் கல்லறை உண்டு. மலைச்சரிவில், அவன் சட்டையையும் தொப்பியையும் மட்டும் புதைத்த மண்மேடு. வருஷா வருஷம் புல் வெட்டிவிட்டு அதன் முன்னால் விழுந்து கும்பிடுவாள். கும்பிடும்போதெல்லாம் தப்பான விலாசத்துக்குக் கடிதம் போடுகிற மாதிரி இருக்கும் அவளுக்கு.

கிணற்றடியில் பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்த ஆரம்பித்தார்கள். போங்சுக் மட்டும் எப்போதும் போல வந்தாள். கொட்டகையில் பதினோரு வருஷம் மல்சுனுக்கு அடுத்து நின்றவள், வாய் நீளம், சிரிப்பு அதைவிட நீளம். அவள் புருஷன் மூன்று வருஷமாகப் படுத்தபடி தூங்குவதில்லை. தலையணையை அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான்.

ஒருநாள் அவள் உருளைக்கிழங்கு அடை கொண்டுவந்து வைத்துவிட்டு, வழக்கமான வேடிக்கைப் பேச்சு எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லுடி," என்றாள் மல்சுன்.

"அக்கா, போடுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. உன் ஆளு மேல போய் ஊரான் வீட்டுக் குப்பையக் கொட்டுன்னு எப்படிச் சொல்லுவேன்? ஆனா போடாதன்னும் சொல்ல முடியல. நீ ஒரே ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து அந்த மனுஷன் மூச்சு விடுறதக் கேளு. கிழிஞ்ச துருத்தி மாதிரி இருக்கு. ஒவ்வொரு மூச்சும் கடைசியோன்னு எண்ணி எண்ணியே எனக்குப் பைத்தியம் பிடிக்குது."

மல்சுன் அடையைப் பிய்த்துப் பாதியை அவளிடம் கொடுத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை அவளே ஊர்த்தலைவர் மா சாங்குன் வீட்டுக்குப் போனாள். முன்பு சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்தவர் அவர். மூன்றாம் கிளையை அடைத்த சுவருக்கு முதல் கல்லை வைத்தவரும் அவர்தான். ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பதினேழு வருஷத்தில் அவரும் மல்சுனும் நேருக்கு நேர் நின்று பேசியது விரல் விட்டு எண்ணுமளவுக்குத்தான் இருக்கும்.

மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வா தங்கச்சி. உள்ள வா."

"இங்கயே நிக்கிறேன் மேஸ்திரி. கையெழுத்துப் போடுறேன்."

அவர் முகத்தில் நிம்மதி வரவில்லை. மிச்சத்துக்காகக் காத்திருந்தார்.

"ஆனா முதல்ல அவங்கள வெளிய எடுக்கணும். மூணு பேரையும். அதுக்கப்புறம் என்ன வேணா கொட்டிக்கோங்க."

"அந்தச் சுவர ஒடைக்கிறது…"

"கட்டுனது நீங்கதானே? ஒடைக்க மட்டும் தெரியாதா?"

சாங்குன் கையிலிருந்த மிளகாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை வெயிலில் வைத்துவிட்டுத் தலையசைத்தார்.

பியோவின் கம்பெனி முடியாது என்றது. செலவு, அனுமதி, ஆபத்து என்று மூன்று பக்கத்துக்குக் கடிதம் வந்தது. சாங்குன் அதைப் படித்துவிட்டு, பழைய ஆட்கள் ஐந்து பேரைக் கூப்பிட்டார். ஐந்து பேருக்கும் வயசு அறுபதைத் தாண்டியிருந்தது. ஐந்து பேருக்கும் இருமல்.

பியோ பதறிப்போனான். "ஐயா, ஏதாவது ஆச்சுன்னா கம்பெனி பொறுப்பேத்துக்காது."

"தம்பி, நாங்க சம்பளத்துக்கு உள்ள போனப்பவே எந்தக் கம்பெனி பொறுப்பேத்துக்கிட்டுது?" என்றார் சாங்குன்.

கடைசியில் பியோவே, யாரிடமும் சொல்லாமல், காற்று ஊதும் இயந்திரம் ஒன்றையும் நீளமான துணிக்குழாயையும் ஏற்பாடு செய்து கொடுத்தான்.

சுவரில் முதலில் ஒரு கை நுழையுமளவு துளை போட்டு, நான்கு நாள் காற்று ஊதினார்கள். அரை மணி நேரம் வேலை செய்வார்கள், ஒரு மணி நேரம் உட்கார்ந்து இருமுவார்கள். போங்சுக் அவர்களுக்குப் பன்றிக்கொழுப்பு வறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தொண்டையிலிருக்கும் கரித்தூசியை அது வழித்துக்கொண்டு போகும் என்று அந்தக் காலத்து நம்பிக்கை. "இத்தன வருஷம் தின்னும் ஒண்ணும் வழியல. இன்னும் ரெண்டு துண்டு தின்னு பாருங்க, இந்தத் தடவ வழிஞ்சாலும் வழியும்," என்றாள். கிழவர்கள் சிரித்தார்கள், சிரித்ததற்கும் சேர்த்து இருமினார்கள்.

ஐந்தாம் நாள் ஆள் நுழையுமளவு சுவரை உடைத்தாயிற்று. கெட்ட காற்று தேங்கியிருக்கிறதா என்று விளக்கின் சுடரைத் தரையோரம் தாழ்த்திப் பார்த்தார்கள், சுருங்கவில்லை. செய்தி வந்ததும் மல்சுன் வெள்ளை உடுத்திக்கொண்டு, மூன்று வெள்ளைத் துணிகளை மடித்து மார்போடு அணைத்தபடி சுரங்கவாய்க்கு வந்தாள். அங்கே நிற்பாள் என்று நினைத்தார்கள். அவள் ஒரு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"தங்கச்சி, என்ன பண்ற?" என்றார் ஒரு கிழவர்.

"உள்ள வர்றேன்."

ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையில் வேலைக்குப் போகிறவன் எதிரே பெண் குறுக்கே வந்தாலே அன்று வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுகிற ஊர் அது. சுரங்கத்துக்குள் பெண் காலடி பட்டதே இல்லை.

"பொம்பள உள்ள வரக் கூடாதும்மா. அது சுரங்கத்துக்கு ஆகாது."

"எந்தச் சுரங்கம்?" என்றாள் மல்சுன். "வர்ற மாசத்துலேருந்து இது குப்பைக்குழி. குப்பைக்குழிக்குள்ள பொம்பள போகக் கூடாதுன்னு யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. நம்ம வீடுகள்ல குப்பையக் கொண்டுபோய்க் கொட்டுறதே நாங்கதான்."

சாங்குன் தன் தொப்பி விளக்கைக் கழற்றி அவள் தொப்பியில் மாட்டிவிட்டார்.

உள்ளே அவள் நினைத்த அளவு இருட்டாக இல்லை, குளிர்தான் அதிகம். தண்டவாளத்தின் மேல் நடந்தார்கள். தால்சு இருபது வயதிலிருந்து தினமும் நடந்த வழி இது என்பதை அவள் கால்கள்தான் முதலில் உணர்ந்தன. ஒரு சம்பிரதாயம் போல, யாரும் சத்தமாகப் பேசவில்லை, யாரும் அவசரப்படவில்லை.

சுவரைத் தாண்டியதும் கரிந்த வாடை இன்னும் இருந்தது. மேற்கூரைக்கு முட்டுக்கொடுத்த தாங்குமரங்கள் கருகி மெலிந்து நின்றன. இருபது அடி போயிருப்பார்கள். அதற்கப்புறம் மரங்கள் கருகவில்லை. பட்டைகூட உரியாமல், வைத்த அன்று எப்படி இருந்திருக்குமோ அப்படியே இருந்தன. சாங்குன் ஒரு மரத்தைத் தொட்டார். அடுத்ததைத் தொட்டார். அதற்கடுத்ததையும்.

"தீ இங்க வரவே இல்ல," என்றார். அவர் குரல் அவருடையது மாதிரி இல்லை.

கிளையின் கோடியில் மூவரும் இருந்தார்கள். சுவரில் சாய்ந்து, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தபடி. தொப்பிகளைக் கழற்றி முன்னால் வைத்திருந்தார்கள். எலும்பும் துணியும்தான். நடுவில் இருந்தவனின் முன்பற்களில் ஒன்று பாதி உடைந்திருந்தது. கல்யாணமான வருஷம் பனியில் வழுக்கி விழுந்து உடைந்த பல். மல்சுன் அவன் முன்னால் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்து வந்தாள், வரவில்லை. அவன் மடியில் படிந்திருந்த தூசியைக் கையால் தட்டிவிட்டாள்.

பக்கத்துத் தாங்குமரத்தில், ஆணியில், நீலத் துணியில் கட்டிய சாப்பாட்டுப் பொட்டலம் தொங்கியது. அவள் எழுந்து அதை எடுத்தாள்.

சாங்குன் பொட்டலத்தைப் பார்த்தார். கரித்தரையில் உட்கார்ந்துவிட்டார். தீப்பிடித்தது காலை ஒன்பது மணிக்கு. மதியத்துக்குள் உள்ளே எல்லோரும் முடிந்திருப்பார்கள் என்று பொறியாளர் அடித்துச் சொன்னார். அந்தப் பேச்சை நம்பித்தான் இரண்டு மணிக்கு அவர் முதல் கல்லை வைத்தார். பதினேழு வருஷமாக அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் சோறு தின்றார். உள்ளே யாராவது மதியச் சோறு தின்றிருந்தால் அந்தப் பேச்சு பொய்.

"தங்கச்சி," என்றார். "சாப்பிட்டானா?"

எல்லா விளக்கின் வெளிச்சமும் அவள் கையிலிருந்த பொட்டலத்தின் மேல் விழுந்தது. அவள் கட்டுகிற முடிச்சு தனி. இரண்டு முனையையும் முயல்காது மாதிரி நிமிர்த்தி, தூக்க வாகாக விடுவாள். கையிலிருந்தது அந்த முடிச்சு இல்லை. தடித்த விரல்கள் போட்ட, கோணலான இறுக்கு முடிச்சு. உள்ளே டப்பாவில் ஏதோ லேசாக உருண்டது. சாப்பிட்டு முடித்து உள்ளே போட்ட, சோறெடுக்கும் குச்சிகள். சாப்பிட்டிருக்கிறான். சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோய் அவளிடம் கொடுக்கத் திரும்பக் கட்டி மாட்டியிருக்கிறான்.

"இல்ல," என்றாள் மல்சுன். "நான் கட்டுன முடிச்சு அப்படியே இருக்கு."

சாங்குன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மற்றவர்கள் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். வெள்ளைத் துணிகளை விரித்தார்கள். எலும்புகளைப் பாதத்திலிருந்து தொடங்கி வரிசை மாறாமல் எடுத்து வைத்தார்கள். தால்சுவை மல்சுனே எடுத்து வைத்தாள். மற்ற இருவரின் சாமான்களைச் சாங்குன் பொறுக்கிக்கொண்டார்.

வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. ஊரே திரண்டு நின்றது. அழவேண்டியவர்கள் அழுதார்கள். கூட்டம் கொஞ்சம் விலகியதும் சாங்குன் அவளருகே வந்து நின்றார்.

"மத்தவங்களோட ரெண்டு டப்பாவும் என் கையாலதான் எடுத்தேன்," என்றார். "ரெண்டும் காலி. தொடச்சு வெச்ச மாதிரி."

"தெரியும்."

"உன் வீட்டுக்காரனோடதும் காலிதானே?"

"ஆமா."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன?"

"அங்க வெச்சு உண்மையச் சொல்லியிருந்தா நீங்க எந்திரிச்சு வெளிய வந்திருக்க மாட்டீங்க மேஸ்திரி. நாலாவதா ஒரு ஆளத் தூக்க அவங்களால முடியாது. துணியும் நான் மூணுதான் கொண்டுவந்தேன்."

அவர் அவள் காலடியில் விழப்போனார். அவள் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"வேணாம். மன்னிச்சேன்னு என் வாயால சொல்ல மாட்டேன். சொன்னா பொய்யாயிடும், இன்னைக்கு ஒரு பொய் சொன்னது போதும். அன்னைக்கு நீங்க அடைக்கலன்னா மத்தக் கிளைல இருந்த இருபத்திரெண்டு பேர் செத்திருப்பாங்க. போங்சுக் புருஷனும் அதுல ஒருத்தன். அதுவும் எனக்குத் தெரியும். ரெண்டையும் சேர்த்தே நான் சுமக்கணும். நீங்களும் சுமங்க."

மூன்று நாள் கழித்து மூவரையும் மலைச்சரிவில் அடக்கம் செய்தார்கள். அந்தப் பழைய மண்மேட்டைத் தோண்டியபோது சட்டை மட்கிப்போயிருந்தது. பாடையின் முன்கொம்பைச் சாங்குன் தூக்கினார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து கையில் மண் காய்வதற்குள் மல்சுன் பியோவைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

இலையுதிர் காலத்தில் லாரிகள் வந்தன. கரி பொறுக்கிய அதே கொட்டகை, அதே பெல்ட். ரப்பரை மட்டும் மாற்றியிருந்தார்கள். பாட்டில், தகரம், கண்ணாடி, பேட்டரி எல்லாவற்றையும் பொறுக்கியெடுத்த பிறகு மிச்சம் உள்ளே போகும். வேலைக்கு ஆள் கேட்டபோது மல்சுன் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். போங்சுக்குக்கே ஆச்சரியம்.

"ஏன்க்கா? உனக்கு எதுக்கு இந்த நாத்தம்?"

"யாரோ கொட்டத்தான் போறாங்க. என்ன போகுதுன்னாவது நான் பார்த்துக்கிறேன்."

முட்டைக்கோஸ் தழை, மீன்தலை, பிள்ளைகளின் ஒற்றைச் செருப்பு, கிழிந்த மெத்தை, தேதி கிழித்த நாட்காட்டி. நகரத்து வீடுகள் ஒவ்வொன்றாக அவள் முன்னால் ஓடின. நடுவில் சுமை சுமையாக, கரித்தூளை அச்சில் அழுத்தித் துளையிட்டுச் செய்த, எரித்து முடித்த கரிக்கட்டிகள். இளஞ்சிவப்புச் சாம்பலாக, இருபத்திரண்டு துளையும் அப்படியே இருக்க. நகரத்தில் ஏழைகள் இன்னும் அடுப்பில் கரிதான் எரித்தார்கள்.

"பாருக்கா," என்றாள் போங்சுக், ஒன்றை எடுத்துக் காட்டி. "இது நம்ம கையால பொறுக்கி அனுப்பின கரியா இருந்தாலும் இருக்கும். ஊரெல்லாம் சுத்திட்டு, உடம்பு வெளுத்து, பொறந்த வீட்டுக்கே வந்திருச்சு."

அந்தக் கட்டியை மட்டும் மல்சுன் வாங்கி, கையால் பெல்ட்டில் மெதுவாக வைத்தாள்.

எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது என்று சொல்ல முடியாது. அடுத்த கோடையில் கீழ்ச் சுரங்கவாயிலிருந்து வரும் ஓடைத்தண்ணீரில் நுரை கட்டியது. யாரும் அதில் முட்டைக்கோஸ் அலசுவதில்லை. பியோ மாதாமாதம் அந்தத் தண்ணீரைக் குப்பியில் பிடித்துக்கொண்டு போவான். என்ன சொன்னார்கள் என்று கேட்டால் தலையைச் சொறிவான். மல்சுன் ஊர்க்கூட்டத்தில் இரண்டு தடவை எழுந்து கேட்டாள். மூன்றாவது தடவை சாங்குனும் அவளோடு எழுந்து நின்றார். அதற்குப் பிறகு ஓடையின் வாயில் வடிகட்டும் தொட்டி ஒன்று கட்டினார்கள். அது போதுமா என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் மருத்துவமனை வந்தது. டாக்டர் வந்தார், வீடுகளுக்கு ஆக்சிஜனும் வந்தது. ஒரு காலையில் போங்சுக் வேலைக்குத் தாமதமாக, முகமெல்லாம் வீங்கி வந்தாள். மல்சுன் பெல்ட்டை விட்டு விலகி வந்தாள்.

"என்னடி? என்ன ஆச்சு?"

"தூங்கிட்டேன்க்கா," என்றாள் போங்சுக், நம்பமுடியாதவளாக. "அவரு நீட்டிப் படுத்துத் தூங்கினாரு. சத்தமே இல்ல. சத்தமில்லாததால நானும் தூங்கிட்டேன். விடிஞ்சப்புறம் பதறிப்போய் மூக்குல கை வெச்சுப் பார்த்தேன். 'ஏண்டி எழுப்புற?'ன்னு திட்டுறாரு."

இரண்டாம் வருஷம் பனி விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒருநாள் மதியம், பியோ கொட்டகைக்கு வந்து மல்சுன் பக்கத்தில் தயங்கி நின்றான்.

"அம்மா… மூணாம் கிளை இன்னைக்கு நிரம்பிடும். உங்ககிட்ட சொல்லிடலாம்னு…"

"சரி."

"வேணும்னா இன்னைக்கு வீட்டுக்குப் போங்க."

அவள் கையுறையைக் கழற்றினாள். பெல்ட்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் சுவரில் இருந்தது. பொறுக்கும் பெண்கள் அதைத் தொடக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. அவள் போய் அதை அழுத்தினாள். கொட்டகை முழுக்கச் சத்தம் அடங்கியது. பன்னிரண்டு பெண்களும் நிமிர்ந்தார்கள். பியோ ஒதுங்கி நின்றான்.

மல்சுன் சுரங்கம் இருந்த பக்கம் திரும்பி நின்றாள். கும்பிடவில்லை, அவன் இப்போது அங்கே இல்லை. அவன் சரிவில், வெயில் படுகிற இடத்தில் இருக்கிறான். சுரங்கத்துக்குள்ளே, அவன் உட்கார்ந்து சோறு தின்ற அந்தக் கடைசி மதியம் மட்டும்தான் இருந்தது. அதன் மேல்தான் இப்போது யார் யார் வீட்டுச் சாம்பலோ இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு கோப்பை பார்லித் தண்ணீர் குடிக்கும் நேரம் நின்றிருப்பாள். பிறகு பெல்ட்டை ஓடவிட்டாள். கையுறையை மாட்டிக்கொண்டு தன் இடத்துக்கு வந்து, முதலில் வந்த பாட்டிலை எடுத்துக் கூடையில் போட்டாள்.